மலை மேல் ஒரு பொய் பிரிஸ்டல்

1941 ஜனவரி 20, திங்கள்

இன்றும் துணிகளை உதறினேன். இன்றும் சுண்ணாம்புத் தூள். பிரிஸ்டலில், பெட்மின்ஸ்டர் பகுதியில் எங்கள் வீட்டு முன்சுவர் குண்டுக்கு விழுந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. அதில் பாதி என் பாவாடை மடிப்புகளில் ஏறி என்னோடு கிளம்பி வந்துவிட்டது போல. டோர்கஸ் கொல்லைக் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மிச்ச வீட்டையும் இங்கயே கொண்டு வந்து கட்டிரப் போறியா?" என்றாள். என் புருஷன் கில்பர்ட்டின் அக்கா. முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேலி பேசுவது அந்தக் குடும்பத்துக்கே வரும்.

நெதர்கோமில் ஒரு டஜன் வீடுகள், சாப்பல் என்கிற ஒரு சின்னத் தேவாலயம், ஆப்பிள் மது விற்கிற ஒரு சைடர் கடை. மற்றதெல்லாம் ஆடுகள். அதற்கு மேலே மொட்டை மலை. பிரிஸ்டலிலிருந்து பஸ்ஸில் வந்தால் கடைசி நிறுத்தத்தில் இறங்கி அப்புறமும் நடக்க வேண்டும். என்னை ஏற்றிவிடும்போது கில்பர்ட் சொன்னான்: "ஜெர்மன்காரன் நெதர்கோம்ல குண்டு போட்டான்னா அது குண்டுக்குத்தான் அவமானம், ஹெஸ்."

அவன் வரவில்லை. டிராம் ஓட்ட வேண்டுமாம். பாதி டிராமை பஸ் விழுங்கியது, மீதியைக் குண்டு விழுங்கிக்கொண்டிருக்கிறது. கிங்ஸ்வுட் தடம் இன்னும் ஓடுகிறது. இவன் ஒருநாள் லீவு போட்டால் சண்டையில் தோற்றுவிடுவோம் என்று நினைப்பு. டிப்போவில் பெஞ்சு மேல் படுத்துக்கொள்கிறான்.

இங்கே ராத்திரி ஒரு சத்தம் இல்லை. தூக்கமே வரவில்லை.

ஜனவரி 29, புதன்

வார்டன் டோவி மறுபடியும் கதவைத் தட்டினார். பகலில் அவர் சாப்பலில் ஆர்மோனியம் வாசிக்கிற சாதுவான மனிதர். பொழுது சாய்ந்ததும் தகரத் தொப்பியை மாட்டிக்கொண்டு இருட்டடிப்புக் காவலுக்குக் கிளம்பிவிடுகிறார். திரைச்சீலை ஓரத்தில் ஊசி நுழைகிற அளவு வெளிச்சம் தெரிகிறதாம்.

"இத்துனூண்டு வெளிச்சம் போதும்மா அவனுக்கு. அதையே புடிச்சுக்கிட்டு பெர்லின்ல இருந்து வந்துருவான்."

"டோவி, என் மாடே ராத்திரியில என் வீட்டைக் கண்டுபிடிக்க மாட்டேங்குது," என்றாள் டோர்கஸ்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று, "இன்னும் கொஞ்சம் இடது பக்கம் இழுங்க… இன்னும்… ஆங்," என்று சொல்லி, திருப்தியாகப் போனார்.

பிப்ரவரி 6, வியாழன்

மலைக்கு லாரிகள் போகின்றன. நாள் பூராவும். விமானப்படை ஆட்கள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

மலைப்பாதையில் ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். மேலே ஒன்றும் இல்லையாம், அங்கே யாரும் போகக்கூடாதாம், போனால் சிறையாம். ஒன்றும் இல்லாத இடத்துக்கு முள்வேலி போட்டுத் துப்பாக்கியோடு ஒருவனை நிறுத்தியும் இருக்கிறார்கள். டோர்கஸின் ஆடுகளுக்கு மட்டும் அனுமதி உண்டு. அவை எதையும் வெளியே சொல்லாது என்று காவல்காரப் பையன் விளக்கம் சொன்னானாம்.

பிப்ரவரி 18, செவ்வாய்

ரகசியம் தெரிந்துவிட்டது. ஊருக்கே தெரியும். சைடர் கடையில் பேச்சே அதுதான்.

மேலே ஒரு நகரம் கட்டுகிறார்கள். பொய் நகரம்.

சார்ஜண்ட் லவிங்டன் பால் வாங்க வருகிறார், வந்தால் அடுப்படியில் உட்கார்ந்துவிடுகிறார். லண்டனில் சினிமாப் படப்பிடிப்பு நிலையத்தில் வேலை பார்த்தவர். ரோமாபுரியை இரண்டு தடவை எரித்திருக்கிறாராம். இரண்டாவது தடவை நன்றாக எரிந்ததாம். அவரே எல்லாவற்றையும் சொன்னார், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் "நான் சொன்னேன்னு சொல்லாதீங்க" என்று சேர்த்துக்கொண்டு.

முதலில் வருகிற விமானங்கள் தீக்குண்டு போடும். பின்னால் வருகிற கூட்டம் எங்கே தீ தெரிகிறதோ அங்கே பெரிய குண்டைக் கொட்டும். அதனால் நகரத்தில் பிடித்த தீயை அணைத்துக்கொண்டிருக்கும்போதே, ஆளில்லாத மலையில் இவர்கள் இன்னொரு தீ வைப்பார்கள். கூடை கூடையாக மரத்தூளும் தாரும். நீளத் தொட்டிகளில் டீசல். டீசல் கொதிக்கும்போது தண்ணீரைத் திறந்துவிட்டால் வீடு உயரத்துக்குத் தீ எழும்புமாம். பின்னால் வருகிறவன் ஏமாந்து இங்கே கொட்டிவிட்டுப் போவான்.

"ஆளில்லாத மலைன்னா?" என்று டோர்கஸ் கேட்டாள்.

சார்ஜண்ட் டீயைக் குடித்தார். "மேப்புல அப்படித்தான் போட்டிருக்கு," என்றார்.

பிப்ரவரி 19, புதன்

பாதுகாப்பாக இருக்கட்டும் என்றுதானே என்னை இங்கே அனுப்பினான்?

மார்ச் 3, திங்கள்

சார்ஜண்ட் என்னை மேலே கூட்டிப் போனார். என் வீடு பெட்மின்ஸ்டர் என்று டோர்கஸ் உளறியிருக்கிறாள். ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு காட்டினார்.

தகரமும் கம்பியும் கூடையும், வரிசை வரிசையாக. ஆடுகள் நடுவில் மேய்கின்றன. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு குச்சி நட்டுப் பெயர் எழுதியிருக்கிறது. ஒரு குச்சியில் ரயில் நிலையம். ஒன்றில் துறைமுகம். மூன்றாவதில் 'பெட்மின்ஸ்டர்'.

சிரிப்பதா என்ன செய்வதென்று தெரியவில்லை. எங்கள் தெரு எது என்று தேடினேன். வரிசை நேராகப் போகிறது. "எங்க தெரு இப்படி நேரா போகாது. புகையிலைத் தொழிற்சாலை தாண்டினதும் வளையும்," என்றேன்.

"மேலே இருந்து எரியறதைப் பார்த்தா எல்லாத் தெருவும் ஒரே மாதிரிதான்மா இருக்கும்," என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

திரும்பி வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். குண்டு போட மேலே இருந்து பார்த்த அந்த ஜெர்மன் பையனுக்கு என் வீடு எப்படித் தெரிந்திருக்கும்? ஒரு புள்ளியாகவாவது?

மார்ச் 10, திங்கள்

சோதனைக்காக நேற்று மாலை பொய் நகரத்தின் விளக்குகளை மட்டும் போட்டார்கள். சரியாக மூடாத ஜன்னல்கள், திறந்துகிடக்கிற கதவுகள் போலத் தெரிய, வேண்டுமென்றே அரைகுறையாக. டோவி துடித்துப்போனார். பலகையையும் துப்பாக்கியையும் மதிக்காமல் மேலே ஓடி, "விளக்கை அணை! விளக்கை அணை!" என்று கத்தியிருக்கிறார். சார்ஜண்ட் அவரை உட்கார வைத்து, இது நாட்டுக்காகச் செய்கிற கவனக்குறைவு என்று புரியவைத்தாராம்.

கீழே இறங்கி வந்தவர் நேராக எங்கள் கதவைத் தட்டினார். திரைச்சீலை விலகியிருந்ததாம்.

டோர்கஸ் வெளியே கூட்டிப்போய் மலையைக் காட்டினாள். கிறிஸ்துமஸ் கடைவீதி மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தது.

"அது வேற டிபார்ட்மெண்ட்டும்மா," என்றார் டோவி.

மார்ச் 17, திங்கள்

நேற்று ராத்திரி வந்தார்கள்.

வடக்கே வானம் வெளுத்தது, அப்புறம் சிவந்தது. பிரிஸ்டல். அரைமணி கழித்து எங்கள் மலை பற்றிக்கொண்டது. நான் ஜன்னலோரத்தில் நின்று பார்த்தேன், பார்க்கக்கூடாதுதான். தீ எழும்பி இறங்கி எழும்பி, உள்ளே கட்டடம் சரிகிற மாதிரியே இருந்தது. சார்ஜண்ட் கெட்டிக்காரர்.

பிறகு நானும் டோர்கஸும் மாடிப்படிக்கு அடியில். முதல் குண்டு விழுந்தபோது படிக்கட்டே ஒரு தடவை எழுந்து உட்கார்ந்தது. டோர்கஸ் என் கையைப் பிடித்திருந்தாள், அவள் யார் கையையும் பிடிக்கிறவள் இல்லை. ஜெபிக்கிறேன் என்று நினைத்திருப்பாள். நான் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்று இங்கே எழுதலாம், யாரும் படிக்கப்போவதில்லை. வா, இங்க வா, இங்கயே போடு, இன்னொண்ணு போடு, எல்லாத்தையும் கொட்டிட்டுப் போடா — அதுதான். ஒவ்வொன்று விழும்போதும் இது கிங்ஸ்வுட்டுக்குப் போகல, இது டிப்போ மேல போகல, இதுவும் போகல.

பைத்தியம் பிடிச்சிருச்சா எனக்கு?

விடிந்ததும் மலையில் பள்ளங்கள். டோர்கஸின் ஆடுகளில் ஏழெட்டு போயிற்று. தெற்குக் கொட்டகை கூரையைக் காணோம்.

மார்ச் 19, புதன்

பெரிய அதிகாரி காரில் வந்து எங்களை எல்லாம் சாப்பல் வாசலில் கூட்டி வைத்துப் பாராட்டினார். நம் மாவட்டத்தில் இதுவரை எந்தப் பொய் நகரத்துக்கும் இவ்வளவு குண்டு விழுந்ததில்லையாம். சார்ஜண்டின் ஆட்கள் பரிசு வாங்கின பள்ளிப் பிள்ளைகள் மாதிரி நின்றார்கள். நான் கைதட்டினேன், வேறு யாரும் தட்டவில்லை.

டோர்கஸ் ஆட்டுக்கு நஷ்டஈடு கேட்டாள்.

"எங்க விழுந்த குண்டுல செத்துச்சு?"

"மலையில."

"மலையில ஒண்ணுமே இல்லையே அம்மா. பலகையைப் பார்க்கலையா?"

"அப்ப என் ஆடு?"

அதிகாரி யோசித்தார். "மின்னலா இருக்கும்," என்றார்.

மார்ச் 22, சனி

கில்பர்ட் வந்தான். உயிரோடு இருக்கிறான். இளைத்துப்போய், சட்டைக் காலரில் டிராம் மசகு. அவன் வருவது தெரிந்து டோர்கஸ் ஒரு கோழியை அடித்திருந்தாள்.

சாப்பிட உட்காருவதற்குள் பள்ளங்களைப் பார்த்துவிட்டான். மறைக்க முடியவில்லை, ஒன்று கோழிக்கூண்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. எல்லாவற்றையும் சொன்னேன். சத்தியம் போயிற்று. அவன் வெளியே போய் மலையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். உள்ளே வந்ததும் ஆரம்பித்தான்.

"நான் உன்னை எங்க அனுப்பினேன்?"

"நெதர்கோமுக்கு."

"இவனுங்க பெட்மின்ஸ்டரைத் தூக்கிட்டு வந்து உன் பின்னாலயே இறக்கியிருக்கானுங்க! நீ பெட்டியைக் கட்டு. டவுனுக்கே போலாம். அங்கேயாவது ஓடி ஒளிய நல்ல இடம் இருக்கு."

"நான் வரல."

"ஏன்?"

"இங்க விழுற குண்டு உன் தலையில விழாது. அதான்."

"அதுக்கு நீ இங்க இருக்கணுமா? நீ இருந்தாத்தான் எரியுமா அது? நீ என்ன விறகா?"

சரியான கேள்விதான். நான் இங்கிருந்து போய்விட்டால் அந்தக் குண்டுகள் என் பேச்சைக் கேட்காது என்று எப்படிச் சொல்ல? "நீ டிராமை விட்டுட்டு வா, நானும் வரேன்," என்றேன்.

கோழி ஆறிப்போயிற்று. டோர்கஸ், "ரெண்டு பேரும் குண்டுக்கு உன் பங்கு என் பங்குன்னு அடிச்சுக்கிறீங்களே, சாப்பிடுங்கடா," என்றாள். கடைசி பஸ்ஸில் போய்விட்டான். முத்தம் கொடுத்தான், ஆனால் கோபமாக.

மார்ச் 27, வியாழன்

சாப்பலில் ஊர்க்கூட்டம். பொய் நகரத்தை வேறு எங்கேயாவது மாற்ற வேண்டும் என்று விண்ணப்பம். எங்கே என்று கேட்டால், பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கத்து ஊரில். அவர்களோடு இருபது வருடமாகத் தண்ணீர்த் தகராறு.

சைடர் கடைக்காரர் எழுந்தார். "பிரிஸ்டல்காரங்க அவங்க நகரத்தை அங்கேயே வச்சுக்கட்டும். நாம என்ன அவங்ககிட்ட நெதர்கோமையா கொடுத்தோம்?"

எல்லாரும் கைதட்டினார்கள். நான் எழுந்து பேசுவதாக இருந்தேன். எழுந்தேன். என் வீட்டுக்காரர் டவுனில் இருக்கிறார் என்று ஆரம்பித்தேன், முடிக்கவில்லை. உட்கார்ந்தேன். வெளியூர்க்காரிதானே நான், என்ன உரிமை?

கையெழுத்துக்குத் தாள் சுற்றி வந்தது. அதிகம் இழந்தவள் என்று டோர்கஸிடம்தான் முதலில் நீட்டினார்கள். அவள் வாங்கவில்லை. டோவியிடம் தள்ளிவிட்டாள். அவர், தான் அரசாங்க உத்தியோகத்தில் இருப்பதால் எரிவதைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல முடியாது, அணைப்பதைப் பற்றித்தான் சொல்ல முடியும் என்றார். அப்படியே ஒவ்வொருவராகத் தயங்கித் தயங்கி, விண்ணப்பம் சைடர் கடைக்காரர் கையெழுத்து ஒன்றோடு நின்றது.

வீட்டுக்கு நடக்கும்போது டோர்கஸ் கேட்டாள்: "இங்க விழலன்னா அது கில்பர்ட் மேலதான் விழுமா?"

"தெரியலக்கா."

"எனக்கும் தெரியல. அதனாலதான் கையெழுத்துப் போடல." கொஞ்ச தூரம் போய், "ஆட்டுக்கு மட்டும் காசு குடுக்கலாம் அவனுங்க," என்றாள்.

ஏப்ரல் 11, பெரிய வெள்ளி

சிலுவை ரொட்டி சுட்டோம். திராட்சை கிடைக்கவில்லை, கேரட் துண்டு போட்டோம். பார்வைக்கு அப்படியே இருக்கிறது. டோவிக்கு இரண்டு கொடுத்தோம், சாப்பலில் பாதி ஆராதனையிலேயே ஒன்றைத் தின்றுவிட்டார். தெளிவான வானம். தெளிவான வானம் நல்லதில்லை.

ஏப்ரல் 12, சனி — இல்லை, ஞாயிறு காலை ஆகிவிட்டது

எழுத வேண்டும். வரிசையாக எழுதினால்தான் எனக்கே விளங்கும்.

வெள்ளி ராத்திரி பிரிஸ்டல் மேல் வந்தார்கள். எங்கள் மலை பற்றிக்கொண்டது. சிலர் ஏமாந்து இங்கேயும் போட்டார்கள். நாங்கள் படிக்கு அடியில் இருந்தோம். பிறகு சத்தம் ஓய்ந்து எட்டிப் பார்த்தால் மலையில் பாதி இருட்டு. துறைமுகம் எரிகிறது, ரயில் நிலையம் எரிகிறது. பெட்மின்ஸ்டர் பக்கம் ஒன்றுமே இல்லை.

அப்போது மலையிலிருந்து ஓடி வந்த விமானப்படைப் பையன் சொன்னான். பதுங்கறையிலிருந்து தீயை மூட்டுகிற மின்கம்பியைக் குண்டு அறுத்துவிட்டது, கையால்தான் வைக்க வேண்டும், ஆள் போதவில்லை, இரண்டு பேருக்கு அடி. யாராவது வாங்க என்றான். வீடு வீடாகத் தட்டிக்கொண்டு போனான்.

வடக்கே பிரிஸ்டல் எரிந்துகொண்டிருந்தது. நிஜமாக.

டோர்கஸ் ஏற்கெனவே மண்ணெண்ணெய் டின்னை எடுத்துவிட்டாள். நாங்கள் ஓடினோம். பாதையில் சைடர் கடைக்காரர், கையில் பழைய சாக்குகள். விண்ணப்பத்தில் ஒற்றைக் கையெழுத்துப் போட்ட அதே ஆள். "ஒரு வார்த்தை பேசாதீங்க," என்றார், யாரும் பேசாமலே. மேலே டோவி. தகரத் தொப்பியோடு ஒரு கூடை முன்னால் நின்று, எரிகிற பந்தத்தைப் பிடித்துக்கொண்டு, போட மனசில்லாமல் திணறிக்கொண்டிருந்தார்.

"போடுங்க டோவி!"

"என்னால முடியலம்மா. ஒன்றரை வருஷமா அணைன்னுதான் சொல்லியிருக்கேன்."

போட்டார். கண்ணை மூடிக்கொண்டு போட்டார். கூடை 'புஸ்' என்று எழுந்ததும் அவர் முகத்தில் வந்த சந்தோஷம், சின்னக் குழந்தைக்குக் கூட அப்படி வராது. அடுத்ததுக்கு ஓடினார். அதற்கடுத்ததுக்கும்.

நான் பெட்மின்ஸ்டரை எரித்தேன். என் கையால். பெயர் எழுதிய குச்சியைத் தாண்டி, வளையாத அந்தத் தெரு முழுக்க, கூடை கூடையாக. ஜனவரியில் நிஜமாக எரிந்தபோது அணைக்கத் தண்ணீர் உறைந்து கிடந்ததே, அந்தத் தெருவை. இது என் வீடு, இது எதிர்வீடு என்று ஒவ்வொன்றாக. அழுதேனா சிரித்தேனா? டோர்கஸ் நான் பாடினேன் என்கிறாள். நம்ப முடியவில்லை.

நன்றாக எரிந்தது. மேலே விமானங்கள் எங்கள் பக்கம் திரும்பும் சத்தம் கேட்டது. சார்ஜண்ட் எல்லாரையும் பள்ளத்தில் படுக்கச் சொன்னார்.

டோவி படுக்கவில்லை. எழுந்து நின்று கீழே ஊரைப் பார்த்தார். "யாரோ அடுப்படிக் கதவைத் திறந்து போட்டுட்டு வந்திருக்காங்க. வெளிச்சம் தெரியுது," என்றார். எங்கள் வீடு. அவசரத்தில் நானா டோர்கஸா, யார் கடைசியாக வந்தோம் என்று இரண்டு பேருக்கும் நினைவில்லை. "டோவி, விடுங்க, படுங்க!" என்று டோர்கஸ் கத்தினாள். எங்களைச் சுற்றி ஒரு நகரமே எரிகிறது, அந்தத் தீயில் பேப்பர் படிக்கலாம். அவர் கீழே ஓடினார்.

கதவைச் சாத்திவிட்டார். காலையில் போனபோது சாத்தியிருந்தது. திரைச்சீலையையும் இழுத்துவிட்டிருந்தார். அவர் மலைக்குத் திரும்பி வரும் பாதையில்தான் குண்டு விழுந்தது.

வீட்டுக்குக் கீறல் இல்லை. மேஜை மேல் ரொட்டி அப்படியே இருந்தது.

ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறு, மாலை

கில்பர்ட் நேற்று வந்ததை எழுதவில்லை.

நேற்று மதியம் பாதையில் யாரோ தள்ளாடிக்கொண்டு வருகிறார்கள் என்று பார்த்தால், அவன். பிரிஸ்டலிலிருந்து நடந்தே வந்திருக்கிறான். வழியெல்லாம் சனங்கள் நகரத்தை விட்டு வெளியே நடந்தார்கள், அவர்கள் இவனைக் கேட்டார்களாம், எங்கேப்பா போகிறாய், மலையும் எரிகிறது என்று. என்னைப் பார்த்ததும் பாதை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

"வடக்கையும் சிவப்பு, தெக்கையும் சிவப்பு. எந்தச் சிவப்புல நீ இருக்கேன்னு எனக்கு மட்டும்தான் தெரியும்," என்றான். என் முகத்திலிருந்த கரியைத் துடைத்தான்.

"யார் வச்சா அந்தத் தீயை?"

"நான்தான்."

"நீ விறகுன்னு நினைச்சேன்," என்றான்.

டிராமும் போய்விட்டது. மின்சாரம் வருகிற பாலத்தில் குண்டு விழுந்து, தடம் முழுக்க செத்துவிட்டது. இவன் வண்டி நடுவழியில் நின்றதாம். பயணிகள் இறங்கித் தள்ளினார்கள், பிறகு இறக்கத்தில் தானாகவே உருண்டு டிப்போவுக்குள் போய் நின்றது. மணி மட்டும் அடித்துக்கொண்டே வந்தேன் என்றான். இனிமேல் ஓடாது என்று அதிகாரிகள் அங்கேயே சொல்லிவிட்டார்களாம்.

ஏப்ரல் 16, புதன்

டோவியை அடக்கம் செய்தோம். ஆர்மோனியம் வாசிக்க ஆளில்லை, குரலாலேயே பாடினோம், ஆளுக்கொரு சுருதியில். அரசாங்கத்திலிருந்து வந்தவர், டோவி எந்த இடத்தில் எப்படி இறந்தார் என்று கேட்டார். சாதாரணக் கடமையில் என்று எழுதிக்கொள்ளச் சொன்னார் சார்ஜண்ட், மலையைப் பற்றிப் பேச முடியாதே. அதுவும் ஒருவிதத்தில் உண்மைதான்.

டோர்கஸ் தகரத் தொப்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். இன்று முதல் அவள்தான் வார்டன். டோவியை விடக் கறாராக இருப்பாள்.

ஏப்ரல் 29, செவ்வாய்

கில்பர்ட் ஒரு வேலையும் இல்லாமல் திரிகிறான். ஆட்டைப் பார்த்து மணி அடிக்கிற மாதிரி கையை ஆட்டினான், பார்த்தேன்.

மலையில் புதிதாக ஒரு கருவி வந்திருக்கிறது. டிராம் கம்பியில் நீலப் பொறி பறக்குமே, அதைப் போலப் பொய்யாகக் காட்ட. கில்பர்ட் கீழேயிருந்து ஒரு ராத்திரி பார்த்தான். இரண்டாம் ராத்திரி பொறுக்க முடியாமல் மேலே போய்ச் சண்டை. "இது டிராமா, இடியா? திருப்பத்துலதான்யா பொறி பறக்கும்! நிறுத்தத்துல நிக்கவே மாட்டேங்குது உங்க டிராம், சனங்க எப்படி ஏறுவாங்க?"

"சனங்களே இல்லையே," என்றாராம் சார்ஜண்ட்.

"அதுக்காக நிக்காம போறதா?"

மூன்றாம் நாள், அவன் வாயை அடைக்க வேறு வழியில்லாமல் சார்ஜண்ட் அவனை வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

மே 5, திங்கள்

பிரிஸ்டலில் டிராம் இல்லை. நெதர்கோம் மலையில் இருக்கிறது, நேரப்படி. நேற்று அடுப்படி ஜன்னலில் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு பொறி, இடைவெளி, இன்னொரு பொறி. நிறுத்தம். ஆட்களை ஏற்றிக்கொள்கிறான். டோர்கஸ் வெளியிலிருந்து கத்தினாள், திரைச்சீலையை மூடு என்று.

ஜூன் 23, திங்கள்

ஜெர்மன்காரன் ரஷ்யாவுக்குள் போய்விட்டானாம். ரேடியோவில் சொன்னார்கள். விமானங்களையெல்லாம் அங்கே இழுத்துக்கொண்டு போகிறான். பல வாரங்களாக இங்கே யாரும் வரவில்லை, காரணம் இப்போது புரிகிறது.

சார்ஜண்டுக்கு முகம் வாடிவிட்டது. "வீட்டை எரிச்சா கையைத் தூக்கிருவோம்னு நினைச்சான்மா. நாம இன்னொரு ஊரையும் கட்டி, அதையும் நாமளே எரிச்சோம். இந்த மாதிரி ஆளுங்களை என்ன பண்றதுன்னு தெரியாம போயிட்டான்." பால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, "இப்ப நம்ம ஆளுங்க ஜெர்மனிக்குப் போய்ப் போடுறாங்க," என்றார். "அங்கேயும் ஒரு மலை இருக்கும். என்னை மாதிரி ஒருத்தன் கூடை அடுக்கிட்டு இருப்பான்."

படுத்த பிறகும் அதே நினைப்பு. அங்கே ஒரு மாடிப்படிக்கு அடியில் ஒருத்தி உட்கார்ந்துகொண்டு, இங்க வா, இங்கயே போடு என்கிறாளா? நம் பையன்களுக்கு அது கேட்குமா?

ஜூலை 5, சனி

கில்பர்ட்டுக்கு லீவு. இருவரும் பிரிஸ்டல் போய் வந்தோம்.

எங்கள் வீட்டின் பின்பாதி நிற்கிறது. மாடி அறையில் சுவர்க்காகிதம் வெயிலில் வெளுத்து, ரோஜாப்பூவெல்லாம் மஞ்சளாகிவிட்டது. தெரு இன்னும் அதே இடத்தில் வளைகிறது. அதைப் பார்த்ததும் ஏதோ கோணலாகத் தெரிந்தது எனக்கு, மலையில் நேராகப் பார்த்துப் பழகிவிட்டது போல. கில்பர்ட் செங்கல் குவியல் மேல் ஏறி, அலமாரி இருந்த மூலையைக் காலால் கொஞ்சம் கிளறினான். ஒன்றும் கிடைக்கவில்லை. அவனும் ரொம்பத் தேடவில்லை.

எதிர்வீட்டு மிசஸ் குவிக் ஓடி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவள் வீடு தப்பியிருக்கிறது. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள், கிராமத்தில் என்றேன். "குடுத்து வச்சவங்க, நிம்மதியா இருப்பீங்க," என்றாள். ஆமாம் என்றேன். டீ கொடுத்தாள், சர்க்கரை போட்டே கொடுத்தாள். நகராட்சி வீடுகளைச் செப்பனிடப் போகிறதாம், சொல்லி வைத்தால் எங்கள் பெயரையும் சேர்த்துக்கொள்வார்களாம்.

"சரி, சொல்லுங்க. எப்ப வீட்டுக்கு வர்றீங்க?"

கில்பர்ட் எங்கள் வீட்டுக்கு எதிரே நின்றுகொண்டு கடிகாரத்தை எடுத்துப் பார்த்தான்.

"ஆறு மணி பஸ்ல போயிரணும்," என்றான். "ராத்திரி டிராம் இருக்கு."